சூடு ஊறிய இன்டர்கூலர்: ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் அளந்ததும் அடைத்ததும் மாற்றியதும்

வண்டி: ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 2.0 டிஎஸ்ஐ, இஏ888 மூன்றாம் தலைமுறை எஞ்சின். ஆலையிலிருந்து வரும்போது 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். இப்போது ஸ்டேஜ் 1 மென்பொருள் (பாகம் எதையும் மாற்றாமல் எஞ்சின் கணினியின் நிரலை மட்டும் மாற்றிச் சக்தி கூட்டுவது), உச்ச பூஸ்ட், அதாவது டர்போ காற்றுக்குத் தரும் கூடுதல் அழுத்தம், ஏறத்தாழ 1.5 பார். ஊர் சென்னை, மாதம் மே.

குறை: விடிகாலையில் வண்டி பறக்கிறது. பதினொரு மணி வெயிலில் நான்கு சிக்னல் நின்று வந்து மிதித்தால், டியூன் செய்யாத வண்டியைப் போல இழுக்கிறது. எஞ்சின் விளக்கு எரியவில்லை, ஸ்கேனரில் எந்தப் பிழைக் குறியீடும் இல்லை.

இதற்கு எங்கே கேட்டாலும் கிடைக்கும் பதில் “பெரிய இன்டர்கூலர் போடுங்கள்” என்பதுதான். டர்போ அழுத்திச் சூடேறிய காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் குளிர்விக்கும் பாகம்தான் இன்டர்கூலர். இந்தப் பதிவில் அதை மாற்றுவது கடைசியில்தான் வருகிறது. ஹீட் சோக் (சூடு ஊறிப்போவது) என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது மூன்று தனித்தனிக் கோளாறுகள். பெரிய கோர், அதாவது இன்டர்கூலரின் பெரிய தகட்டுக் கட்டு, அதில் ஒன்றைத்தான் தீர்க்கும்.

முதலில் கணக்கு

வெளிக்காற்று 38 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். டர்போ அதை 1.0 பார் பூஸ்ட்டுக்கு அழுத்தும்போது, கம்ப்ரஸர் திறன் 72 சதவீதம் என்றால், வெளியே வரும் காற்று 133 டிகிரி. அதையே 1.5 பாருக்கு ஏற்றி, திறனும் 70 சதவீதமாகக் குறைந்தால் 171 டிகிரி. அரை பார் கூட்டியதற்கு 38 டிகிரி விலை. மேல் ஆர்பிஎம்மில் சின்ன டர்போவின் திறன் இன்னும் சரியும், அப்போது இதையும் தாண்டும்.

300 குதிரைத்திறன் அளவில் இந்த எஞ்சின் நொடிக்குச் சுமார் 220 கிராம் காற்றை விழுங்குகிறது. அதை 171-லிருந்து 60 டிகிரிக்கு இறக்க வேண்டுமானால் இன்டர்கூலர் 24 கிலோவாட்டுக்கும் மேல் வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றரை டன் வீட்டு ஏசி ஒன்று அறையிலிருந்து இழுப்பது ஐந்தே கால் கிலோவாட். அப்படிப் பார்த்தால், பம்பருக்குப் பின்னால் உள்ள இந்த அலுமினியத் தகட்டுக் கட்டு கிட்டத்தட்ட ஐந்து ஏசியின் வேலையைச் செய்கிறது.

அந்த வெப்பம் உடனே காற்றோடு போய்விடுவதில்லை. முதலில் அலுமினியத்துக்குள் இறங்குகிறது. ஒரு கிலோ அலுமினியம் ஒரு டிகிரி ஏற 0.9 கிலோஜூல் வேண்டும். 4 கிலோ கோர் என்றால் டிகிரிக்கு 3.6 கிலோஜூல். வெளிக்காற்றே இல்லாமல் 24 கிலோவாட்டை அதில் ஊற்றினால் நொடிக்கு ஏழு டிகிரி வேகத்தில் ஏறும். 8 கிலோ கோரில் அது பாதி. கனமான பார்-அண்ட்-பிளேட் (கட்டையும் தகடும் அடுக்கிச் செய்த) கோர்கள் ஒரு குறுகிய மிதியில் அசத்துவதற்குக் காரணம் இதுதான். அவை குளிர்விப்பதை விடச் சேமித்து வைப்பதில் கெட்டி.

ஆனால் சேமித்ததை வெளியே விட்டாக வேண்டுமே. ஏரி பெரிதாக இருப்பது வேறு, மதகு திறந்திருப்பது வேறு. சிக்னலில் நின்று நின்று ஊறிய வண்டிக்கு மதகுதான் பிரச்சினை.

நட்டம் எவ்வளவு? எஞ்சினுக்குள் போகும் காற்று 40-லிருந்து 60 டிகிரியானால் அடர்த்தி 6 சதவீதம் குறைகிறது. அது சிறிய பங்கு. சூடான காற்றால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது) வரும் என்று ஈசியூ, அதாவது எஞ்சின் கணினி, இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுப்பதுதான் பெரிய பங்கு. சாதாரண பெட்ரோலில் இது கண்கூடாகத் தெரியும். எக்ஸ்பி100 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் தாங்கும் எல்லை மேலே போகும், சூடு குறையாது. பெட்ரோலை மாற்றி “சரியாகிவிட்டது” என்று நினைப்பது காய்ச்சல்காரருக்குத் தெர்மாமீட்டரை ஒளித்துவைப்பது போல.

எதை அளப்பது, எப்படிப் படிப்பது

இந்த எஞ்சினில் காற்றுச் சூட்டை இரண்டு இடத்தில் அளக்கிறார்கள். த்ராட்டிலுக்கு முன்னால் பூஸ்ட் சென்சாரோடு சேர்ந்து ஒன்று, மேனிஃபோல்டில் ஒன்று. ஸ்கேனரில் இரண்டையும் எடுங்கள். கூடவே ஆர்பிஎம், கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், கூலன்ட் சூடு, டைமிங், சிலிண்டர்வாரி டைமிங் பின்னிழுப்பு. இதற்கு மேல் சேர்த்தால் பதிவு வேகம் குறைந்து வரைபடம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். நொடிக்கு ஐந்து அளவாவது வேண்டும்.

சென்சார்கள் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. ஐட்லிங்கில் எஞ்சினுக்குள் போகும் காற்று நொடிக்கு மூன்று கிராம் போல. அந்தச் சோம்பல் காற்று எஞ்சின் அறைச் சூட்டில் ஊறிய குழாய் வழியாக வருகிறது. சென்சாரின் உடம்பும் அங்கேயே வெந்துகொண்டிருக்கிறது. அது 70 டிகிரி காட்டினால் இன்டர்கூலர் 70 டிகிரியில் இருக்கிறது என்று பொருளில்லை.

பிரித்தறிய மிதித்த பிறகு கோடு எப்படி நகர்கிறது என்று பாருங்கள்.

மிதித்த இரண்டு மூன்று நொடியில் 70-லிருந்து சடாரென்று 50-க்கு விழுந்து, பிறகு மெல்ல ஏறினால், ஊறியது குழாயும் சென்சாரும் மட்டுமே. இன்டர்கூலர் நலம். இதற்குப் பணம் செலவழிப்பது வீண்.

மிதித்தபோது 65-இல் அப்படியே நின்று, பிறகு சாதாரண வேகத்தில் ஓட்டும்போது நிமிடக் கணக்கில் மெதுவாக இறங்கினால், கோரே ஊறியிருக்கிறது. காரணம் காற்றோட்டம்.

தொடக்கத்தில் 45-தான், ஆனால் ஒரே மிதியில் 75-க்கு ஏறி, ஏறிக்கொண்டே இருந்தால், கோரின் கொள்ளளவு போதவில்லை. இதற்குத்தான் பெரிய கோர் மருந்து. ஸ்டேஜ் 1 வண்டிகளில் ஆலை இன்டர்கூலர் கோடை வெயிலில் ஒரு மூன்றாம் கியர் மிதிக்கு 20 முதல் 30 டிகிரி ஏறுவது வழக்கம். நல்ல மாற்றுக் கோரில் 5 முதல் 10.

நமது வண்டியில் இரண்டாவதும் மூன்றாவதும் கலந்து இருந்தன. பெரும்பாலான நகர வண்டிகளில் அப்படித்தான் இருக்கும்.

உச்ச எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது மீட்சி நேரத்தை. சோதனை எளிது, முழு மிதியே தேவையில்லை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் நிறுத்தி ஐட்லிங்கில் விடுங்கள். பிறகு கிளம்பி 40 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டுங்கள். த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள சென்சார், வெளிக்காற்றுச் சூட்டை விட 12 டிகிரி கூடுதல் என்ற அளவுக்கு இறங்க எத்தனை நொடி? அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 60 முதல் 90 நொடிக்குள் வந்தால் காற்றோட்டம் ஒழுங்கு. மூன்று நிமிடம் தாண்டினால் பம்பருக்குப் பின்னால் ஏதோ அடைத்திருக்கிறது அல்லது காற்று வேறு வழி போகிறது. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே சாலையில், அதே நேரத்தில், இதே சோதனை. மதியம் அளந்ததை மாலையில் அளந்ததோடு ஒப்பிட்டால் எல்லா மாற்றமும் வேலை செய்தது போலவே தெரியும்.

முழு மிதிச் சோதனைக்கு டைனோ (வண்டியை உருளைமேல் ஓட்டிச் சக்தி அளக்கும் மேடை) அல்லது பந்தயத் தடம். இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூர் காரி தடத்திலோ தட நாள் நடக்கும்போது போகலாம். ஈசிஆரில் செய்யாதீர்கள். டைனோவிலும் ஒரு பொறி உண்டு. முன்னால் வைக்கும் மின்விசிறி சாலைக் காற்றுக்கு ஈடாகாது, அதனால் மூன்றாவது ஓட்டத்தில் எந்த வண்டியும் ஊறிப்போகும். அந்த எண்ணைக் காட்டி இன்டர்கூலர் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

நான்கு தெர்மோகப்பிள்

ஸ்கேனர் எண்கள் ‘என்ன’ என்று சொல்லும். ‘எங்கிருந்து’ என்று சொல்லாது. அதற்கு நான்கு சானல் கே-டைப் வெப்பமானி ஒன்றும், மெல்லிய கம்பி தெர்மோகப்பிள் (கம்பி நுனியில் சூட்டை உணரும் சென்சார்) நான்கும் வேண்டும். பொருத்திய இடங்கள்: ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்கு முன்னால் கிரில்லின் உட்பக்கம், கண்டென்சருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில், இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், கோரில் காற்று வெளியேறும் பக்கக் கடைசிக் குழாயின் மேல். நுனி எதையும் தொடாமல் காற்றில் நிற்க வேண்டும். கடைசியது மட்டும் உலோகத்தைத் தொட வேண்டும், மேலே ஒரு சிறு ஃபோம் துண்டு வைத்து அலுமினிய டேப் ஒட்டினால் போதும். கம்பியை ரேடியேட்டர் ஃபேன் இழுத்துவிடாதபடி டை போடுங்கள்.

இந்த வண்டியில் அடுக்கு வரிசை இப்படி: முன்னால் ஏசி கண்டென்சர், நடுவில் இன்டர்கூலர், பின்னால் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் ஃபேன். சாண்ட்விச்சுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வெங்காயம்தான் இன்டர்கூலர். கண்டென்சர் ஏழு கிலோவாட் கொட்டுகிறது, ஃபேன் நொடிக்கு அரை கிலோ காற்று இழுக்கிறது என்று வைத்தால், அந்தக் காற்று 14 டிகிரி சூடேறித்தான் இன்டர்கூலருக்கு வருகிறது. அதோடு, நிற்கும் வண்டியில் எஞ்சின் அறையின் சூடான காற்று அடிவழியாகவும் பக்கவாட்டிலும் முன்னால் சுற்றிவந்து கிரில்லுக்குள்ளேயே நுழையும். வெளியே 38, கிரில்லில் 45, இன்டர்கூலர் முகத்தில் 59. எத்தனை பெரிய கோர் போட்டாலும் 59-க்குக் கீழே போக வழியில்லை.

நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் ஏன் இத்தனை மோசம் என்பதற்கும் கணக்கு உண்டு. எதிர்க்காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 100 கி.மீ.-இல் சுமார் 435 பாஸ்கல், 60-இல் 157, 20-இல் வெறும் 17. மூன்று அடுக்கு ஃபின்னை, அதாவது மெல்லிய தகட்டு மடிப்புகளைத் தாண்ட 17 பாஸ்கல் எம்மாத்திரம்? அங்கே ஃபேன்தான் எல்லாம்.

இங்கே ஒரு வேடிக்கை. சிக்னலில் இன்டர்கூலரைக் காப்பாற்றுவதாக நினைத்து ஏசியை அணைப்பவர்கள் உண்டு. ஏசி ஓடும்போது ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். ஏசியை அணைத்தால் கூலன்ட் போதிய அளவு சூடேறும் வரை ஃபேன் நின்றுவிடும். கண்டென்சர் சூடு போச்சு, ஆனால் காற்றும் போச்சு. நகரும் வண்டியில், மிதிப்பதற்கு ஓரிரு நிமிடம் முன்னால் ஏசியை அணைப்பதுதான் பயன் தரும்.

பிரித்தல்

கருவிகள்: டார்க்ஸ் 20, 25, 30 பிட்கள், 10, 13, 16 மி.மீ. சாக்கெட், பிளாஸ்டிக் நெம்புகோல்கள், தட்டை ஸ்க்ரூடிரைவர், வளைந்த முனைக் குத்தூசி, நீண்ட கேபிள் டை பத்து, கெட்டி அட்டை இரண்டு தாள், ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடி. முதல் முறை செய்பவர் ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். பம்பரைத் தூக்க இரண்டு பேர்.

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி அடித்தட்டைக் கழற்றுங்கள். பம்பர் திருகுகள் பானெட் ஓரத்திலும், இரண்டு சக்கர வளைவுக்குள்ளும், அடியிலும் இருக்கும். வளைவுக்குள் ஃபெண்டரோடு சேரும் மூலையில் உள்ள திருகை மறந்துவிட்டு இழுத்தால் பம்பரின் காது உடையும். கழன்றதும் பம்பரை அப்படியே தூரம் இழுக்காதீர்கள். ஃபாக் விளக்கு, பார்க்கிங் சென்சார், வெளிக்காற்றுச் சூடு சென்சார் ஆகியவற்றின் பிளக்குகள் இன்னும் மாட்டியிருக்கும்.

அடுத்து கிராஷ் பார். பிறகு லாக் கேரியரை (ரேடியேட்டரும் பானெட் பூட்டும் மாட்டிய முன்சட்டம்) சில அங்குலம் முன்னால் நகர்த்திக்கொண்டால் கை நுழைய இடம் கிடைக்கும். இங்கேதான் கண்டென்சரைப் பற்றிய கவனம் முழுவதும். ஏசி வாயுவை இறக்க வேண்டியதில்லை, கூலன்ட்டையும் வடிக்க வேண்டியதில்லை. கண்டென்சரை இன்டர்கூலரோடு பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி, அதை மேலே கேபிள் டையால் தொங்கவிடுங்கள். அதன் அலுமினியக் குழாய்கள் ஒரு முறை வளைந்தால் சும்மா இருக்கும், இரண்டாம் முறை வளைந்தால் விரிசல் விடும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் உட்பக்கமாக அட்டையைச் செருகிவிட்டால் இன்டர்கூலரை உருவும்போது ஃபின் கீறாது.

பூஸ்ட் ஹோஸ்கள் கம்பிக் கிளிப்பில் நிற்கின்றன. ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பை முதல் படி வரை தூக்கினால் போதும், முழுதாக உருவ வேண்டாம். ஹோஸ் பிடிவாதம் பிடித்தால் இழுக்காமல் முதலில் முறுக்குங்கள். ஓ-ரிங் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஹோஸைக் கழற்றியதும் உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலம் எல்லா டர்போ வண்டியிலும் இருக்கும். இன்டர்கூலரைச் சாய்த்தால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வடிந்தால், பிசிவி வால்வையோ (எஞ்சின் அடியறை ஆவியைத் திரும்ப உள்ளிழுக்க விடும் வால்வு) டர்போ சீலையோ முதலில் கவனியுங்கள். உள்ளே பூசிய எண்ணெய் வெப்பம் கடத்தாது, அதோடு நாக்கிங்கையும் கூட்டும்.

நடுவில் சிக்கிய கம்பளி

வெளியே இருந்து டார்ச் அடித்தால் கண்டென்சர் முகம் மட்டுமே தெரியும். அது சுத்தமாகவே இருக்கும். அடுக்கைப் பிரித்த பிறகுதான் கண்டென்சருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் பூச்சி இறகு, நார், மண், இலைத்தூள் எல்லாம் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருப்பது தெரிகிறது. ஐம்பதாயிரம் கி.மீ. ஓடிய வண்டியில் இதை எதிர்பார்த்தே பிரிக்கலாம். புதுக் கோர் வாங்கிப் போட்டு “அடடா, என்ன மாற்றம்!” என்று எழுதுபவர்களில் பலருக்கு உண்மையில் வேலை செய்தது, மாற்றும்போது தற்செயலாக நடந்த இந்தச் சுத்தம்தான்.

உயர் அழுத்தத் துப்பாக்கி வேண்டாம். ஒரு நொடியில் ஃபின்களைச் சாய்த்துவிடும். தோட்டக் குழாயில் மெல்லிய தண்ணீர், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அதாவது காற்று வரும் திசைக்கு எதிராக. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அலுமினியத்துக்கு ஏற்ற காயில் கிளீனர் தெளித்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். காஸ்டிக் கலந்த எதையும் கிட்டக் கொண்டுவராதீர்கள். வளைந்த ஃபின்களை ஃபின் சீப்பால் நிமிர்த்துங்கள். கல்லடி பட்ட கீழ்வரிசையில் இது அரைமணி நேர வேலை, பொறுமையாக.

உள்பக்கம் கழுவினால் முழுதாகக் காய வேண்டும். ஓர் இரவு வாய் கீழாக நிறுத்துங்கள். தேங்கிய கரைப்பானோ தண்ணீரோ முதல் மிதியில் எஞ்சினுக்குள் போகும்.

ஓட்டைகளை அடைத்தல்

முழு வேலையிலும் காசுக்கு மிக அதிகப் பலன் தந்த பகுதி இது. ஏறத்தாழ 65 × 40 செ.மீ. முகமுள்ள ஓர் அடுக்கைச் சுற்றி 2 செ.மீ. இடைவெளி விட்டால், சந்தின் பரப்பு மட்டும் முகத்தில் 16 சதவீதம். போகும் காற்று அந்த 16 சதவீதத்தோடு நிற்காது. ஃபின்னில் தடை உண்டு, சந்தில் தடையே இல்லை. வாசல் திறந்திருக்க யார் சுவரேறிக் குதிப்பார்கள்?

ஆலையில் பம்பருக்கும் அடுக்குக்கும் நடுவில் பிளாஸ்டிக் காற்று வழிகாட்டிகள் இருக்கும். ஒரு முறை முன்னால் இடித்துப் பழுது பார்த்த வண்டியில் இவை உடைந்திருக்கும், அல்லது திரும்பப் போடப்படாமலே விட்டிருப்பார்கள். முதலில் அவற்றை வாங்கிப் பொருத்துங்கள். மிச்சச் சந்துகளுக்கு மூடிய நுண்ணறை ஈபிடிஎம் ரப்பர் ஃபோம் பட்டை, 10 மி.மீ. தடிப்பு, பின்னால் பசையோடு வருவது. கதவு இடுக்குக்கு ஒட்டும் சாதாரண ஸ்பாஞ்சு வேண்டாம். தண்ணீர் குடித்து ஒரு மழைக்காலத்தில் கஞ்சியாகும். ஒட்டும் இடத்தை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டி, மேலே கேபிள் டையும் போடுங்கள். சூட்டில் பசை கைவிடும்.

ஒட்ட வேண்டிய வரிசை: கண்டென்சருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் நான்கு ஓரமும், இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் நான்கு ஓரமும், கடைசியாகக் கண்டென்சருக்கும் பம்பர் வழிகாட்டிக்கும் நடுவில். நடு அடுக்குகளை விட்டுவிட்டு முன்னால் மட்டும் அடைத்தால், காற்று கண்டென்சரைத் தாண்டியதும் பக்கவாட்டில் நழுவிவிடும். மேல்பக்கம் 1 மி.மீ. அலுமினியத் தகட்டை வெட்டி, ஓரத்துக்கு ரப்பர் விளிம்பு போட்டு லாக் கேரியரோடு திருகினால், பானெட் இடுக்கு வழியாக எஞ்சின் அறைச் சூடு முன்னால் வருவது நிற்கும். அடித்தட்டை மறக்காமல் போடுங்கள். ஆயில் மாற்ற வசதி என்று அதைக் கழற்றியே ஓட்டும் வண்டிகளில் சுழன்றுவரும் சூடு தனியாகத் தெரியும்.

கிரில்லுக்குள் கூடுதல் விளக்கு, அலங்கார வலை, நடுவில் தொங்கும் அகல நம்பர் பிளேட் சட்டம் எல்லாம் காற்றைத் தின்பவை. விளக்கை எடுக்க மனமில்லையென்றால் ஓரத்துக்காவது நகர்த்துங்கள்.

இந்த அளவோடு வண்டியை மூடி மீட்சிச் சோதனையை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். மூன்றாவது வகைக் கோளாறும் சேர்ந்திருந்தால் மட்டும் கோர் மாற்றம்.

கோர் தேர்வு

எடை, தடிப்பு, அழுத்த இழப்பு. இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும்.

கனமான பார்-அண்ட்-பிளேட் கோர் குறுகிய மிதிக்கு நல்லது. ஆனால் ஊறினால் ஆற நேரம் பிடிக்கும். இலேசான டியூப்-அண்ட்-ஃபின் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும். சிக்னலுக்குச் சிக்னல் ஓடும் வண்டிக்கு, நல்ல வழிகாட்டியோடு கூடிய நடுத்தர எடைக் கோரே என் தேர்வு. 60 மி.மீ. தாண்டிய தடிப்பை இந்த அடுக்குக்குள் திணித்தால் பின்னால் உள்ள ரேடியேட்டர் மூச்சுத் திணறும். தடத்தில் கூலன்ட் சூடு ஏறத் தொடங்கினால், ஒரு பக்கம் மிச்சம் பிடித்ததை மறுபக்கம் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். இன்டர்கூலரைத் தடிப்பாக்குவதை விட முகத்தை உயரமாக்குவது எப்போதும் மேல்.

அழுத்த இழப்பை விற்பவர் சொல்லமாட்டார். நாம்தான் அளக்க வேண்டும். இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பூஸ்ட் கேஜ். முழு மிதியில் வித்தியாசம் 0.1 பார் அருகில் இருந்தால் நலம். 0.2 தாண்டினால், ஈசியூ 1.5 பார் கேட்கும்போது டர்போ 1.7 உருவாக்கி ஈடுகட்டுகிறது. டர்போ வேகமும் காற்றின் சூடும் சேர்ந்தே ஏறும். சூட்டைக் குறைக்கப் போட்ட பொருளே சூட்டைப் பெருக்கும் நிலை அது.

“பெரிய இன்டர்கூலர் போட்டால் டர்போ லேக் வரும்” என்பது மிகைப்படுத்திய பயம். உள் கொள்ளளவு 3 லிட்டர் கூடினால், 1.5 பாருக்கு நிரப்பக் கூடுதலாக 4.5 லிட்டர் காற்று வேண்டும். 3000 ஆர்பிஎம்மில் இந்த எஞ்சின் பூஸ்ட் இல்லாமலே நொடிக்கு ஏறக்குறைய 50 லிட்டர் விழுங்குகிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதம். கால் உணர்வது வேறு எதையோ.

மலிவு நகல்களை வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். குழாய்க்குள் ஃபின் இருக்கிறதா, அல்லது வெற்றுக் குழாயா? எண்டு டேங்க் (கோரின் முனையில் உள்ள மூடி) காற்றைக் கோர் முழுக்கப் பரப்பும்படி சரிகிறதா, அல்லது பெட்டி மாதிரி மொட்டையாக நிற்கிறதா? வெல்டிங் உட்பக்கம் உருகி வழிந்திருக்கிறதா? இரண்டு வாயையும் அடைத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, 2 பார் காற்று கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

பொருத்துதலும் கசிவுச் சோதனையும்

ஹோஸைப் போடும்போது ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். கம்பிக் கிளிப்பை முதலில் உட்கார வைத்து, பிறகு ஹோஸை நேராக அழுத்தினால் ‘க்ளிக்’ கேட்கும். கேட்காவிட்டால் உட்காரவில்லை. இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். சிலிக்கான் ஹோஸும் கிளாம்பும் வரும் இடத்தில் இரண்டு பக்கத்தையும் எண்ணெய் இல்லாமல் துடைத்தாக வேண்டும். எண்ணெய் உள்ள இணைப்பு 1.5 பாரில் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கிக் கழலும்.

கசிவுச் சோதனைக்கு டர்போவிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி அதில் வால்வு பொருத்திய அடைப்பானை மாட்டுங்கள். மறுமுனையில் த்ராட்டில் குழாயைக் கழற்றி அங்கும் ஓர் அடைப்பான். டர்போவின் காற்று உறிஞ்சும் வாயிலிருந்து அழுத்தினால் பிசிவி வழியாக எஞ்சின் அடியறையான கிராங்க்கேஸும் சேர்ந்து உப்பும், சீல்கள் போகும். 1 பாரில் தொடங்கி 1.4-இல் நிறுத்துங்கள். அடைப்பானுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், கழன்றால் குண்டு மாதிரி வரும். சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தெளியுங்கள். காற்றடிக்கும் கம்ப்ரஸரை மூடியபின் ஒரு நிமிடத்தில் அழுத்தம் பாதியாக விழுந்தால் கசிவு உண்டு.

பம்பர் போட்டதும் வரக்கூடிய குறைகள் சில. பி0299 பிழைக் குறியீடு, அதாவது பூஸ்ட் போதவில்லை என்றால் கிளிப் அல்லது ஓ-ரிங்கைப் பாருங்கள். ஏசி இயங்காமல், வெளிச் சூடு தாறுமாறாகக் காட்டினால் பம்பரில் உள்ள சென்சார் பிளக் மறந்துபோனது. தாழ் வேகத்தில் கீழே தகரம் உரசுவது போலச் சத்தம் வந்தால் அடித்தட்டின் திருகு.

சில்லறை விஷயங்கள்

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் சூடான குழாய்க்கு உறை போடாதீர்கள். அது வழியில் கொஞ்சம் சூட்டை இழந்தால் லாபமே. இன்டர்கூலரிலிருந்து த்ராட்டிலுக்கு வரும் குழாய்க்குப் பளபள வெப்பத் தடுப்புறை நல்லது. மேனிஃபோல்டுக்கு வெப்பத் தடைக் கேஸ்கெட் என்று ஒன்று விற்கிறார்கள். இந்த எஞ்சினின் மேனிஃபோல்டே பிளாஸ்டிக். தண்ணீர்க் குடத்துக்குக் குடை பிடிக்கும் வேலை அது.

தண்ணீர்த் தெளிப்பு கேலிக்குரியதல்ல. சுபாரு எஸ்டிஐ, மிட்சுபிஷி எவோ மாடல்களில் ஆலையிலேயே வைத்த வித்தை. 100 மி.லி. தண்ணீர் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 240 கிலோஜூல் போகும். 8 கிலோ கோரை 33 டிகிரி இறக்கும் கணக்கு அது. பாதிக்கு மேல் சொட்டி வீணாகும் என்று வைத்தாலும் பத்து டிகிரி கிடைக்கும். சென்னை ஈரப்பதத்தில் பலிக்காது என்பதும் சரியல்ல. கோர் 60 டிகிரியில் இருக்கும்போது அதன் மேல் உள்ள தண்ணீருக்கு, வெளிக்காற்று எத்தனை ஈரமாக இருந்தாலும், ஆவியாக இடமிருக்கிறது. ஆனால் இந்த அடுக்கில் முன்னால் கண்டென்சர் மறைப்பதால் நாசிலை நடுச்சந்தில் வைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஃபின்னில் வெள்ளைப் பொருக்கு பிடித்து ஆறு மாதத்தில் நிலைமை தலைகீழாகும். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்.

வென்டோ, போலோ, வர்டஸ் 1.0 டிஎஸ்ஐ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவின் பாதி பொருந்தாது. அங்கே இன்டர்கூலர் மேனிஃபோல்டுக்குள்ளேயே தண்ணீரால் குளிர்கிறது. ஊற நேரமாகும், ஊறினால் ஆறவும் நேரமாகும். அங்கே பார்க்க வேண்டியது முன்பக்கச் சிறு ரேடியேட்டரும், அதன் பம்ப்பும், காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பிய கூலன்ட்டும்.

டியூன் செய்பவரிடம் காற்றுச் சூட்டுக்கு ஏற்ப டைமிங்கைக் குறைக்கும் பகுதியை நீக்கச் சொல்லாதீர்கள். வேலை முடிந்தபின் முழு மிதிப் பதிவை எடுத்து அவருக்கு அனுப்புங்கள். இரண்டு சிலிண்டருக்கு மேல் தொடர்ந்து 3 டிகிரிக்கு அதிகமாகப் பின்னிழுப்பு இருந்தால், சூடு குறைந்தும் பெட்ரோலோ டியூனோ ஒத்துவரவில்லை.

500 கி.மீ. ஓடியதும் அடித்தட்டை மட்டும் கழற்றிக் கிளாம்புகளை ஒரு சுற்று இறுக்கி, ஹோஸ் இணைப்புகளில் புதிய எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். ஃபோம் பட்டைகளை வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒரு முறை. நடுச்சந்துக் கம்பளி திரும்ப வரும். அதற்கு அடுக்கைப் பிரிக்க வேண்டியதில்லை. மேல் தகட்டை எடுத்துவிட்டு வளைந்த குழாய் முனையால் மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட்டால் பாதி இறங்கிவிடும். மீட்சி நேரம் முன்பு குறித்ததை விட அரைமடங்கு கூடும்போது அதைச் செய்தால் போதும்.